குன்னூர் மலையில் ஒரு நுண்ணோக்கி

நீலகிரியின் குன்னூர் நகரில் சிம்ஸ் பூங்காவைக் காண வருவோர் மலர்களைக் காண்பர், மரங்களைக் காண்பர், அருகே நிற்கும் பாஸ்டியர் ஆய்வு நிலையத்தை நின்று காண்போர் அரியர். உள்ளூரார் அதனை "நாய்க்கடி மருந்து செய்கிற இடம்" என்பர். அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. நம் வீட்டுப் பெண்மக்களின் உயிரோடு தொடர்புடைய ஒரு வரலாறு அந்த வளாகத்தைத் தொட்டுச் சென்றிருக்கிறது. அதனை எடுத்துரைக்க எனக்கு ஒரு காரணம் வாய்த்தது.

சென்ற ஆண்டு, தேயிலைத்தூள் வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் மாலைத் தொழுகை முடிந்தபின் என்னருகே வந்து அமர்ந்தார். அவருடைய மகள் சிறுமியாக இருந்தபோது என்னிடம் ஓதியவள். பின்னர்க் கோவையிலும் வெளியூரிலும் உயிரியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றாள்.

"ஹஜ்ரத், பிள்ளை இருபது வருஷத்துக்கு மேல் படித்துவிட்டாள். டாக்டர் பட்டமும் வந்துவிட்டது. இப்பொழுது பெங்களூரில் இன்னும் இரண்டு வருஷம் என்கிறாள். அது வேலையா, படிப்பா? வேலை என்றால் ஏன் இரண்டே வருஷம்? படிப்பு என்றால் எப்பொழுதுதான் முடியும்?" என்று கேட்டார்.

"என்ன பணி என்று சொன்னாளா, பாய்?" என்றேன்.

"உயிரணுவைப் படம் பிடிப்பதாம். படம் பிடிக்கவா இத்தனை படிப்பு?"

அவர் குரலில் ஏளனம் இல்லை, கவலை இருந்தது. வயது ஏறுகிறது, வரன்கள் கேட்டு வருகின்றன, உறவினர் கேள்வி கேட்கின்றனர், இவரிடம் விடை இல்லை. அன்றிரவு என்னிடமும் தக்க விடை இல்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் படித்தும் கேட்டும் தெளிந்தவற்றையே இங்குத் தொகுத்து எழுதுகிறேன்.

ஸனதுக்குப் பின் ஒரு பயணம்

முனைவர் பட்டம் என்பது ஒருவர் தாமே ஆராயும் தகுதி பெற்றார் என்பதற்கான சான்று. ஆயினும் அப்பட்டம் பெற்ற உடனே தனி ஆய்வகம் அமைத்து நடத்தும் பக்குவம் பெரும்பாலோர்க்கு வந்துவிடுவதில்லை. ஆகவே வேறோர் ஊரில், வேறொரு மூத்த அறிஞரின் ஆய்வகத்தில், இரண்டு மூன்று ஆண்டுகள் ஊதியம் பெற்றுத் தங்கிப் புதிய கருவியையோ புதிய முறையையோ கைவரப் பெறுகின்றனர். தமக்கென ஒரு கேள்வியையும் தேடிக்கொள்கின்றனர். இதுவே முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப்பணி எனப்படுகிறது. இது நிரந்தர வேலை அன்று. பள்ளிப் படிப்பும் அன்று.

நம் மதரஸா மரபை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஸனது வாங்கிய ஆலிம் ஒருவர், ஒரு குறிப்பிட்ட கலையில் வல்ல உஸ்தாதைத் தேடி வேறோர் ஊருக்குச் சென்று, அந்த ஒரு கிதாபை மட்டும் அவர் முன் அமர்ந்து ஓதி வருவதுண்டு. அவரை யாரும் "இன்னும் மாணவரா?" என்று கேலி செய்வதில்லை. கற்றவர் மேலும் கற்கச் செல்கிறார் என்றே மதிக்கிறோம்.

இனி "படம் பிடித்தல்" என்பதைப் பார்ப்போம். அரபு மொழியில் நுண்ணோக்கிக்கு வழங்கும் பெயர் மிஜ்ஹர் என்பது. தொழுகையில் ஜஹ்ராக ஓதுதல் என்று சொல்கிறோமே, அதே வேரில் பிறந்த சொல். மறைந்திருப்பதை வெளிப்படையாக்கும் கருவி என்பது அதன் கருத்து. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தம்முடைய கிதாபுல் மனாளிர் என்னும் நூலில், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று சோதனைகள் வாயிலாக நிறுவ முயன்றார். அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் அச்சேறியது. அதனால் நுண்ணோக்கியை அவரே செய்தார் என்று நம்மவர் சிலர் சொல்வது வெறும் பெருமை. அக்கருவி அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பின்னர் ஐரோப்பாவில் பிறந்தது. 1665இல் இராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் கண்ட சிற்றறைகளுக்கு இட்ட பெயரே இன்று உயிரணுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயராயிற்று. நம் இப்னுல் ஹைதம் விட்டுச் சென்றது கருவியை அன்று. கண்டதை உடனே நம்பாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை. குன்னூர் வரலாற்றிலும் அப்பழக்கத்தின் பயனைக் காணப்போகிறோம்.

மலைமேல் ஓர் ஆய்வு நிலையம்

1885இல் பாரிசில் லூயி பாஸ்டியர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்டு ஒரு சிறுவனைக் காத்தார். இந்தியாவில் அம்மருத்துவத்துக்கான முதல் நிலையம் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் தோன்றிற்று. சென்னை மாகாணத்தில் நாய்க்கடிபட்டவர் ஒருவர் கசௌலி போய்ச் சேர வேண்டுமானால், நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு இரயிலேற வேண்டும். நோயோ அதுவரை காத்திராது. இக்குறை தீர, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் வழங்கிய நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு, தென்னிந்தியாவுக்கான பாஸ்டியர் நிலையம் 1907இல் குன்னூரில் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை இரயில் 1899இலேயே வந்துவிட்டிருந்தமையால் சமவெளி மக்கள் ஏறி வர வழியும் இருந்தது.

இத்தகைய நிலையங்களில் நுண்ணோக்கிக்கு முதலிடம் உண்டு. கடித்த நாய் வெறிபிடித்ததா என்பதே முதற் கேள்வி. 1903இல் இத்தாலிய மருத்துவர் நெக்ரி, வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளை உயிரணுக்களுக்குள் சிறு சிறு உருண்டைப் புள்ளிகள் காணப்படுவதைக் கண்டுரைத்தார். அதன்பின் மூளையின் ஒரு சிறு துண்டைச் சாயமேற்றிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்ப்பதே நோயறியும் வழியாயிற்று. பிற்காலத்தில், 1950களின் இறுதியில், ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைப் பயன்படுத்தி அதே நோயை இன்னும் தெளிவாக அறியும் முறை வந்தது. கடிபட்ட குழந்தையின் தாய் வாசலில் காத்திருக்க, உள்ளே ஒருவர் உயிரணுவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்பர் கேட்ட "படம் பிடித்தல்" உயிரைக் காக்கும் தொழிலோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு இது முதற் சான்று.

அதே நிலையத்தில், 1918இல், ஓர் அறையில் இன்னொரு பணி தொடங்கிற்று. இராபர்ட் மக்காரிசன் என்னும் படை மருத்துவர் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய அங்கு அமர்ந்தார். உணவில் ஏதோ ஒன்று குறைவதால் விளையும் நோய்களை ஆராய்வது அவர் நோக்கம். அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923இல் அப்பணி நிறுத்தப்பட்டது. 1925இல் மீண்டும் உயிர்பெற்றது. ஆய்வுப்பணியின் நிலையாமை இக்காலத்துப் புதுக்குறை அன்று என்பதற்கு இதனை நினைவிற் கொள்க. மக்காரிசன் எலிகளை வளர்த்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவற்றுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், காய்கறி உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய எலிகள் மெலிந்தன. அந்த ஓரறை ஆய்வு 1928 அளவில் உணவூட்ட ஆய்வகமாக விரிந்தது. அதன் மறு ஆண்டில்தான் நம் கதைக்குரிய அம்மையார் மலையேறி வந்தார்.

பம்பாயின் ஏழைத் தாய்மார்

லூசி வில்ஸ் 1888இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். பெண்களுக்குப் பட்டம் வழங்காத காலம் அது. தேர்வு எழுதினார், பட்டம் பெறவில்லை. முதல் உலகப்போர் மூண்டபோது தென்னாப்பிரிக்காவில் இருந்து, அங்கே செவிலியாகத் தொண்டு செய்தார். அதன் பிறகே மருத்துவத்தில் நாட்டம் கொண்டு, இலண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. நோயாளிகளைப் பார்க்கும் தொழிலை நாடாமல், ஆய்வகத்தில் குருதியையும் திசுவையும் பார்க்கும் பணியையே தேர்ந்துகொண்டார்.

1928இல் அவர் இந்தியா வந்தார். இந்திய ஆராய்ச்சி நிதிக் கழகம் அந்நாளில் பம்பாயில் தாய்மார் இறப்பைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அக்கழகமே பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. ஆய்வில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பால்ஃபர் அம்மையாரே வில்ஸை அழைத்தவர். கர்ப்பிணிகள் வெளுத்து, மூச்சு வாங்கி, பிள்ளை பெறுமுன்னரோ பெற்ற சில நாட்களிலோ மாண்டு போயினர். அது சாதாரண இரத்தச் சோகை அன்று. இரும்புச்சத்துக் கொடுத்தும் தீராதது. நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்பட்டன.

வில்ஸ் தொடக்கத்தில் கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் வீடுகளை நோக்கித் திரும்பினார். பம்பாயின் பல வகுப்புப் பெண்களும் என்ன உண்கின்றனர் என்று கேட்டறிந்தார். மேத்தா, தல்படே, பிலிமோரியா ஆகிய இந்தியத் துணை ஆய்வாளர்களின் பெயர்கள் அக்காலத்து ஆய்வுரைகளில் அவர் பெயரோடு இணைந்து காணப்படுகின்றன. அந்த ஆய்வில் தெரிந்த உண்மை நம் சமுதாயத்தார் தலை குனிந்து கேட்க வேண்டியது. உணவில் மிகக் குறைபாடு உடையோராகவும், இந்நோய்க்கு மிகுதியும் ஆளானோராகவும் இருந்தவர்கள் ஏழை முஸ்லிம் பெண்களே.

அவர்களுடைய பெயர்கள் நம் கையில் இல்லை. நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த பெண்கள். வீட்டார் உண்டது போக எஞ்சியதை உண்டவர்கள். கீரையும் பழமும் பாலும் எட்டாதவர்கள். அவர்களுடைய விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளிக் குருதி பிற்காலத்தில் உலகத் தாய்மாருக்கெல்லாம் மருந்தாயிற்று. அந்தக் கடனை நாம் நினைப்பதில்லை.

குன்னூரில் ஏழு மாதங்கள்

1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் தம் ஆய்வைக் குன்னூர்ப் பாஸ்டியர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். உணவுக் குறைவே நோய்க்குக் காரணம் என்று ஐயுற்றவர்க்கு, எலிகளுக்கு உணவூட்டிப் பார்ப்பதில் கைதேர்ந்த மக்காரிசன் இருக்கும் இடத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? சமவெளியின் கோடையிலும் மழையிலும் படாமல் வேலை செய்ய மலையின் குளிரும் உதவிற்று.

பம்பாயில் நோயுற்ற பெண்கள் உண்ட உணவைப் போன்ற உணவை எலிகளுக்கு ஊட்டிய ஆய்வுகளில், சூலுற்ற எலிகள் சோகை கண்டு குட்டி ஈனுமுன் மாண்டன. அதே உணவோடு ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது நோய் வரவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று துள்ளிக் குதிக்கலாம். ஆனால் எலிகளின் குருதியை நுண்ணோக்கியில் மீண்டும் பார்த்தபோது, பேன் வழியாகப் பரவும் ஒரு கிருமித் தொற்றும் அவற்றில் இருப்பது தெரிந்தது. ஆக, எலியின் சோகை உணவால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று பிரிக்க இயலவில்லை. தமக்குச் சாதகமான முடிவைத் தாமே ஐயுறுவது எளிதன்று. வில்ஸ் அதனைச் செய்தார். பிற்பாடு குரங்குகளை வைத்து ஆய்வைப் புதிதாகத் தொடங்கினார்.

அந்நாளில் "உயிரணுவைப் பார்த்தல்" எத்தகைய உழைப்பு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு துளிக் குருதியைக் கண்ணாடிச் சில்லின்மேல் மெல்லிய படலமாகத் தேய்ப்பர், உலர்த்துவர், லீஷ்மன் சாயம் போன்றதோர் சாயத்தை ஏற்றுவர். சிவப்பணுக்கள் இளஞ்சிவப்பாகவும், வெள்ளணுக்களின் கரு ஊதாவாகவும் தெரியும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏழு பங்கே ஒரு சிவப்பணுவின் குறுக்களவு. அந்நாளைய அளவுமுறை ஒன்றில், அணுக்களின் உருவத்தைத் தாளின்மேல் பெரிதாக விழச் செய்து, பென்சிலால் வரைந்து, ஐந்நூறு அணுக்களை ஒவ்வொன்றாக அளப்பர். கையால் பிடித்த படம் என்று அதனைச் சொல்லலாம்.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. எலும்பு மச்சையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்களுக்குள், தக்க சாயம் ஏற்றினால் நீல வலை போன்ற ஒரு கோலம் தெரியும். நலமுடையோர் குருதியில் இவை நூற்றுக்கு ஒன்று அளவே. நோயாளிக்கு மருந்து வேலை செய்கிறதென்றால், அவர் முகத்தில் நிறம் ஏறுமுன்னரே, சில நாட்களில் இவ்விளம் அணுக்கள் திடீரெனப் பெருகும். ஆகவே நாள்தோறும் குருதி எடுத்து, நாள்தோறும் நூறு நூறாக எண்ண வேண்டும். உடல் தேறியதா என்பதை நோயாளியே அறியுமுன் நுண்ணோக்கியின் முன் இருப்பவர் அறிவார்.

இப்படி எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான், குறைவான உணவால் சோகை கண்டு சாகும் நிலையிலிருந்த குரங்கு ஒன்றுக்கு மார்மைட் என்னும் பொருள் கொடுக்கப்பட்டது. பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் கரிய குழம்பு அது. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவி உண்பர். குரங்கு வியத்தகு முறையில் தேறிற்று. அவ்வாறே நோயுற்ற பெண்களுக்கும் கொடுத்தனர். இளம் அணுக்கள் பெருகின. பெண்கள் எழுந்து நடமாடினர். அதுவரை இத்தகைய சோகைக்கு ஈரலே மருந்து. அது ஏழைக்கு எட்டாத விலை. மார்மைட் மலிவானது. 1931ஆம் ஆண்டு ஜூனில் இச்செய்தி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையிலும் பணியாற்றினார். எங்கே தெரியுமா? திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனையில். கோஷாப் பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிச் சாகலாகாது என்று 1885இல் பெண் மருத்துவர்களைக் கொண்டு தொடங்கப்பட்ட இடம் அது. சென்னை முஸ்லிம் குடும்பங்களில் பாட்டிமார் பலர் பிள்ளை பெற்ற இடமும் அதுவே.

பெயரில்லாத பொருளுக்குப் பெயர் வந்தது

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் எது என்று வில்ஸுக்குத் தெரியாது. அதனைப் பிரித்தெடுக்கும் வசதி அவரிடம் இல்லை. உலகம் அதனை "வில்ஸ் காரணி" என்று அழைத்தது. 1938இல் அவரும் துணை ஆய்வாளர் ஒருவரும் இன்னும் ஓர் உண்மையை வெளியிட்டனர். வேறொரு கொடிய சோகையைத் தீர்க்கும் தூய்மைப்படுத்திய ஈரற்சாறு இப்பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. ஆகவே இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்பதே அது. அந்த வேறொன்று 1948இல் பிரித்தெடுக்கப்பட்ட வைட்டமின் பி12.

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மூவர் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைச் சிறிதளவு பிரித்தெடுத்து, இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் லெடர்லி ஆய்வகத்தில் அதனைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அடுத்தடுத்துக் கொண்டு போயிற்று. ஃபோலிக் அமிலம் உடலில் சேராது போவதும் அந்நோயின் கூறுகளுள் ஒன்று.

காரணமும் இப்போது விளங்குகிறது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் கருவிலுள்ள மரபுப் பொருளை இரட்டிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் அணு பெருக்கிறது. ஆனால் பிரிய இயலாமல் நின்றுவிடுகிறது. பம்பாயில் நுண்ணோக்கியில் தெரிந்த அந்தப் பெருத்த அணுக்கள், பிரிய முயன்று தோற்ற அணுக்களே. கர்ப்பிணியின் வயிற்றில் நாள்தோறும் கோடிக்கணக்கில் அணுக்கள் பிரிகின்றன. எனவேதான் குறை அவளிடம் முதலில் வெளிப்பட்டது.

1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. முதுகுத்தண்டு மூடாத குழந்தையை முன்னர்ப் பெற்ற தாய்மார், கருத்தரிக்குமுன் தொடங்கி ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைகிறது என்பது அதில் தெளிவாயிற்று. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் மலைத்தோட்டங்களின் மருத்துவ நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இப்பொருள் இருக்கிறது. கீரையிலும் பயறுகளிலும் இயற்கையாக உண்டு. நெடுநேரம் கொதிக்க வைத்தால் பெரிதும் அழியும். இவ்வளவு தெரிந்தும், 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர்க்கு இரத்தச் சோகை இருந்தது. அதில் பெரும்பங்கு இரும்புச்சத்துக் குறைவால் வருவது. பணி முடிந்துவிடவில்லை என்பதற்கு இந்த எண்ணே சாட்சி.

குன்னூரிலிருந்து சென்றவர்கள்

வில்ஸ் 1933இல் இங்கிலாந்து திரும்பினார். அவர் பயின்ற இராயல் ஃப்ரீ மருத்துவமனையிலேயே நோய்க்குறியியல் துறைத் தலைவராக இருந்து 1947இல் ஓய்வு பெற்று, 1964இல் மறைந்தார். குன்னூரில் அவர் இருந்தது ஏழே மாதங்கள். இந்தியாவில் அவர் வகித்தது எதுவும் நிரந்தரப் பதவி அன்று.

அந்த ஆய்வகத்தில் அவருக்குப் பின்னும் பலர் வந்து கற்றனர். சேலத்தில் பிறந்த கோபாலன், இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிக் குன்னூரில் பணியாற்றினார். பின்னர் இந்திய உணவூட்ட ஆராய்ச்சிக்கே தந்தை எனத்தக்கவராய் நூறாண்டு வாழ்ந்து 2019இல் மறைந்தார். ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்ற இராமலிங்கசாமியும் குன்னூர் ஆய்வகத்தில் நோய்க்குறியியலாளராக நுண்ணோக்கி முன் அமர்ந்தவரே. உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக்கழலை தீரும் என்று இமயமலைப் பகுதியில் காட்டிய ஆய்வில் பங்குகொண்டு உலகப்புகழ் பெற்றார். வெளிநாட்டில் ஆய்வு முடித்துத் தாயகம் திரும்பும் இளம் அறிஞர்களுக்கென மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஏற்படுத்திய ஆய்வு உதவித்திட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. உணவூட்ட ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, தேசிய உணவூட்ட நிறுவனமாக வளர்ந்தது. பாஸ்டியர் நிலையம் குன்னூரிலேயே நிலைத்து, 1977இல் தன்னாட்சி நிறுவனமாயிற்று.

அன்பரின் மகள் செய்யவிருக்கும் பணியை இப்போது நோக்குவோம். வில்ஸ் கண்டவை சாயமேற்றி உலர்த்திய இறந்த அணுக்கள். இன்றோ உயிரோடிருக்கும் அணுவையே காணலாம். ஒருவகைச் சொறிமீனின் ஒளிரும் புரதத்தை அணுவுக்குள் அடையாள விளக்காக ஏற்றும் வழி கண்ட மூவர் 2008இல் நோபல் பரிசு பெற்றனர். ஒளியால் காணக்கூடிய நுண்மைக்கு எல்லை உண்டு என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே வகுத்தார்; அவ்வெல்லையைக் கடக்கும் வழி கண்ட மூவர்க்கு 2014இல் அதே பரிசு கிடைத்தது. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள ஆய்வு நிறுவனங்களில் இக்கருவிகள் உள்ளன. அவற்றைக் கையாள்வதைப் புத்தகத்தில் படித்து அறிய இயலாது. உடனிருந்து, மாதக்கணக்கில் பழகி, கெட்டுப்போன படம் எது, மெய்யான படம் எது என்று பிரித்தறியும் கண்ணைப் பெற வேண்டும். அந்தக் கண்ணைப் பெறவே இரண்டு ஆண்டு.

ஒரு வாரம் கழித்து அன்பர் வந்தார். மகளும் உடன் வந்திருந்தாள். இவ்வளவையும் சொன்னேன். பம்பாய்ப் பெண்களைப் பற்றிச் சொன்னபோது அவர் நிமிர்ந்து அமர்ந்தார். "இவள் வயிற்றில் இருந்தபோது இவள் அம்மாவுக்கும் குன்னூர் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை கொடுத்தார்கள். சிவப்பு மாத்திரை. வேண்டாம் என்று சண்டை போடுவாள்; நான்தான் தண்ணீர் மொண்டு கொடுப்பேன்" என்றார்.

சற்று நேரம் கழித்து மகளிடம், "நீயும் அப்படி ஏதாவது கண்டுபிடிப்பாயா?" என்று கேட்டார்.

"அத்தா, தெரியாது. கண்டுபிடிக்காமலும் போகலாம்" என்றாள் அவள்.

எனக்கு அந்த விடையே பிடித்திருந்தது. எலிகளைப் பார்த்து ஏமாந்து, அதனை ஒப்புக்கொண்டு, மறுபடி எண்ணத் தொடங்கிய அம்மையாரின் வழியில் வந்த விடை அது. அன்பர் உடனே சம்மதம் சொல்லவில்லை. தங்குமிடம் எங்கே, துணைக்கு யார், மாதத்தில் எத்தனை முறை வருவாள் என்று கேட்டார். தந்தையாகிய அவர் கேட்க வேண்டிய கேள்விகளே அவை. மகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொன்னாள். அது வேலையா, படிப்பா என்று மட்டும் அவர் மறுபடி கேட்கவில்லை.

அவள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். நம் வீடுகளில் பட்டம் பெற்ற பின்னும் "இன்னும் இரண்டு ஆண்டு" என்று வந்து நிற்கும் பிள்ளைகள் இனி மிகுதியாவர். அவர்களிடம் எவ்வளவு சம்பளம் என்று கேட்பது பிழையன்று. அதனோடு, எதைத் தேடிச் செல்கிறாய் என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்கு அவர்களிடம் தெளிந்த விடை இருந்தால், வழியனுப்பி வையுங்கள். பெயர் தெரியாத அந்த ஏழைத் தாய்மாருக்கு நாம் பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் அதனால் தீரும்.